அடியில் இருக்கும் விலை

ஆனி முடியும் முன்பே ஆடியைத் தொடங்கிவிட்டோம்.
விளக்குத்தூண் பக்கம் எங்களைப் பார்த்து
இன்னும் பதினோரு கடைகளில் ஆடி.
இரண்டாம் மாடி, சுடிதார் பிரிவு.
ஐம்பது சதவீத ஸ்டிக்கரை நான்தான் ஒட்டுகிறேன்.
முந்தின இரவு புது விலை ஒட்டியதும் நான்தான்:
அறுநூறை ஆயிரத்து இருநூறாக்கி
அதன் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு.

திருமங்கலத்திலிருந்து வந்த ஓர் அம்மா
பேரம் பேசவில்லை.
கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார்.
ஸ்டிக்கருக்கு அடியில் ஸ்டிக்கர்,
அதற்கும் அடியில் அறுநூறு.
என்னைப் பார்த்தார்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
"கலர் நல்லாத்தான் இருக்கு, மூணு போடு" என்றார்.

ஒன்பதே முக்காலுக்கு ஷட்டர் இறங்கும்.
வில்லாபுரம் ஷேர் ஆட்டோவில்
மடியில் டிபன் டப்பா, கையில் போன்.
பத்தரைக்கு இன்னொரு கடை திறக்கும்,
ஷட்டரே இல்லாத கடை.
கோடைத் தள்ளுபடியாம்.
யாருடைய கோடையோ.
இங்கே காற்று
கொடியில் காயும் துணியையெல்லாம்
எதிர்வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

பில் கவுண்டர் துவாரகநாத் ஒவ்வொரு தடவையும் சொல்வான்,
"போன வருசம் இதைவிடக் கம்மி, ஏமாத்துறாய்ங்க."
சொல்லிக்கொண்டே இரண்டு வாங்குவான்.
குடோன் சோலைராஜுக்கு
எழுபத்தைந்தைத் தாண்டினால்தான் கை நீளும்.
ஒரு கால்பந்து ஆட்டத்துக்காக மூன்று வருடமாகக் காத்திருக்கிறான்,
அதில் ஓடுகிறவர்களில் பாதிப்பேர்
நிஜத்தில் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.
பெனாசிர் வாங்குவதே இல்லை.
கூடையில் போடுவாள், கூட்டிப் பார்ப்பாள்,
கூடையைக் காலி செய்வாள்.
"நாலாயிரத்து அறுநூறு மிச்சம்டி" என்பாள்.
அத்தனை மிச்சம் பிடித்தவள் என்பதால்
அன்றைக்குப் பருத்திப்பால் அவள் கணக்கு.

என்னிடம் இருப்பது
பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் தந்த லேப்டாப்.
ஒரு பக்கக் கீல் போய்
ரப்பர் பேண்டில் நிற்கிறது.
அதில் ஓடுவது சீட்டுக்கட்டும்
ஒரு பழைய கார் பந்தயமும்.
வாங்கி வைத்திருப்பது நாற்பத்தொன்று.
ஒன்றும் திறக்காது.
'குறைந்தபட்சத் தேவை' என்று எழுதியிருக்கும் இடம் வரை
நான் உருட்டிப் போவதில்லை.

பட்டுப் பிரிவுக்கு ஒருத்தி வருவாள், ஆடி தவறாமல்.
மகள் கல்யாணத்துக்கு என்று
ஒரு முகூர்த்தச் சேலை எடுப்பாள்.
மகள் பக்கத்திலேயே நிற்பாள்,
எட்டாம் வகுப்புச் சீருடையில்,
எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று.
ஸ்டாக் ரூமுக்குள் போய்ச் சிரித்திருக்கிறோம்.
இருபது வாங்கின பிறகு
நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

நேற்று ஓர் ஆட்டம் கண்ணில் பட்டது.
பனிக்காட்டில் ஒரு பெண்
தபால் சுமந்து நடக்கிறாள்.
சண்டை கிடையாது, வெடி கிடையாது,
நடை மட்டும்.
எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது, அதன் மேல் கோடு.
நானூற்று நாற்பத்தொன்பது.
போன மாதம் கோடில்லாமலே
நானூற்று நாற்பத்தொன்பது; எனக்கு ஞாபகம் இருக்கிறது.
கோபம் வரவில்லை.
எந்த ஊரிலோ எந்த மாடியிலோ
முந்தின இரவு உட்கார்ந்து இதை ஒட்டியவளுக்கு
நேரத்துக்கு டீ வந்திருக்குமா என்றுதான் தோன்றியது.
கோடு மட்டும் அவளுடையது நேராக இருந்தது.

யாரும் பார்க்கவில்லை,
நகத்தை வைத்துத் திரையைச் சுரண்டினேன்.
கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு வந்தது.

ஓடிபி வந்து விழுந்த நேரம்
எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டார்,
என் துப்பட்டா அவர்கள் டிஷ் ஆன்டெனாவில்.
படியேறிப் போய் எடுத்தேன்.
"தூங்கலையா?" என்றார்.
"கடையில ஆடிக்கா" என்றேன்.
கொடியில் மறுபடி போட்டு, இரண்டு கிளிப் மாட்டி,
வந்து பார்த்தால் ஏழு நிமிடம் போயிருந்தது.
பத்து நிமிடம் செல்லும் என்று போட்டிருந்தது.

நாற்பத்திரண்டு.